வாரம் ஒரு வழு – 9: பதினாலாம் நம்பர் அறையை ரெண்டு தடவை காலி பண்ணின கதை

போன வாரம் இந்தப் பக்கம் காலியா கிடந்ததுக்கு மன்னிக்கணும். கோர்ஸ்வொர்க், டெமோ, அதுக்கப்புறம் கொஞ்சம் மானப்பிரச்சினை. மூணும் சேர்ந்ததுதான் இந்த வாரத்து வழு.

முதல்ல ஒரு சாம்பார் விஷயம். ஈஸ்ட் ஹாம்ல நாங்க நாலு பேர் இருக்கற வீட்ல ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஒழுங்கான சமையல். அடுப்படியில ரெண்டு பேர் நின்னா போச்சு. சாம்பார்ல உப்பு ஒண்ணு ரெண்டு தடவை விழும், இல்லைன்னா விழவே விழாது. "நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்", "நீ போடலைன்னு நினைச்சேன்". இதுல யாரும் சோம்பேறி இல்ல, மறதிக்காரனும் இல்ல. உப்பு யார் பொறுப்புன்னு யாரும் பேசி வைக்கல, அவ்ளோதான். இதை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி வரும்.

இப்ப கோர்ஸ்வொர்க். ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து சி++ல ஒரு படம் திருத்தும் புரோகிராம் எழுதணும். போட்டோக்களை வரிசையா திறந்து, வெளிச்சத்தைச் சரி பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் சராசரி வெளிச்சம் எவ்ளோன்னு சொல்லணும். எனக்கு வாய்ச்ச பார்ட்னர் ஹாரோவுல வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன். ஆறு வயசுல இங்க வந்துட்டான். ஆனா வீட்ல தமிழ் விடல, அதனால எங்க சண்டையெல்லாம் சுத்தத் தமிழ்லயே நடக்கும் :-)

வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். படத்தை மெமரில வெச்சுக்கற கிளாஸ் அவனோடது. வெளிச்சம் கணக்குப் போடற ஃபங்ஷன்கள் என்னோடது. அவன் கிளாஸ் ரொம்ப நேர்த்தி. படம் உருவாகும்போது 'நியூ' போட்டு இடம் வாங்கும், படத்தோட ஆயுசு முடியும்போது டிஸ்ட்ரக்டர்ல 'டெலீட்' போட்டு இடத்தைத் திருப்பிக் கொடுக்கும். பாடப்புத்தகம் மாதிரி இருந்துச்சு.

டெமோவுக்கு முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி. நூத்துக்கு நூறு பிக்சல் சைஸ்ல பத்து குட்டிப் படங்களை வெச்சு ஓட்டிப் பார்க்கறேன். முதல் படத்துக்குக் கணக்கு சரியா வந்துச்சு. அடுத்த நொடி "டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்"னு ஒரு வரி, புரோகிராம் காலி. எங்க செத்துச்சுன்னு டீபக்கர்ல பார்த்தா, அவனோட டிஸ்ட்ரக்டர், அவனோட டெலீட் வரி.

எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? தப்பு என்னுதில்லை! உடனே அவனுக்கு ஒரு மெசேஜ்: "உன் கிளாஸ் சொதப்புது. ரெண்டு தடவை டெலீட் பண்றே." அவன் தூங்கிட்டிருந்தான்.

அடுத்து நான் பண்ணின காரியங்களைக் கேளுங்க.

முதல் வைத்தியம்: டெலீட் பண்ணினதும் பாயின்டரை நல் ஆக்கறது. நல் பாயின்டரை எத்தனை தடவை டெலீட் பண்ணினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சி++ உத்தரவாதமே கொடுத்திருக்கு. ஊர்ல சீனியர் அண்ணன் ஒருத்தர் சொல்லிக் கொடுத்த பாட்டி வைத்தியம் இது. போட்டேன். மறுபடியும் அதே வரியில அதே சாவு.

ரெண்டாம் வைத்தியம்: டெலீட் வரியையே கமென்ட் ஆக்கிட்டேன். ரெண்டு தடவை டெலீட் ஆகறதுதானே பிரச்சினை? ஒரு தடவை கூட ஆகலைன்னா? பத்து படமும் அழகா ஓடுச்சு. மூணு மணிக்குத் தூங்கப் போயிட்டேன்.

காலைல டெமோ. வாத்தியார் குட்டிப் படமெல்லாம் பார்க்கல. 4000-க்கு 3000 பிக்சல்ல நிஜ போட்டோ 300 இருந்த ஃபோல்டரைக் காட்டி "இதை ஓட்டு"ன்னார். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பிக்சலுக்கு மூணு பைட். ஒரு படத்துக்கு 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்பி. டெலீட்டே கிடையாதுங்கறதால வாங்கின எந்த இடமும் திரும்பிப் போகல. 300 படத்துக்கு 10.8 ஜிபி. லேப் மெஷின்ல இருந்தது 8 ஜிபி. இருநூறு படம் தாண்டினதும் மெஷின் மூச்சு வாங்க ஆரம்பிச்சு, மவுஸ் கூட நகராம நின்னுடுச்சு. 

"என்ன ஆச்சு?"ன்னார். நான் சொன்னேன்: "மெமரி பார்க்கற கிளாஸ் இவன் எழுதினது."

பார்ட்னர் ஒண்ணும் சொல்லல. டெமோவுக்கான மார்க் ரெண்டு பேருக்கும் போச்சு. ட்யூப் ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணா நடந்து வந்தோம், பேச்சே இல்ல.

சரி, நிஜமா நடந்தது என்ன? அதுக்கு நாம திருவல்லிக்கேணிக்குப் போகணும்.

அங்க ஒரு பேச்சிலர் மேன்ஷனை நினைச்சுக்கங்க. நிறைய அறை, கீழ ஒரு மேனேஜர், அவர்கிட்ட ஒரு நோட்டு. எந்த அறை காலி, எதுல ஆள் இருக்குன்னு அதுலதான் எழுதியிருக்கும். இதுதான் ஹீப். 'நியூ'ன்னா அறை கேக்கறது. மேனேஜர் நம்பர் எழுதின ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார்: 14. அந்தச் சீட்டுதான் பாயின்டர். கவனிங்க, பாயின்டர் அறை இல்ல, அறை நம்பர் எழுதின சீட்டு. 'டெலீட்'னா சீட்டைக் காட்டி "14 காலி"ன்னு சொல்றது.

மேனேஜர் நல்லவர்தான், ஆனா படு பிசி. மாடி ஏறிப் போய் 14-ல யாராவது இருக்காங்களான்னு பார்க்க மாட்டார். சொன்னதை நம்பி நோட்டுல எழுதிக்குவார். வேகமா வேலை நடக்கணும்னா அவர் அப்படித்தான் இருக்க முடியும்.

இப்ப யாரோ அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டாங்க. ரெண்டு சீட்டு, ரெண்டுலயும் 14. அறை ஒண்ணுதான். முதல் ஆள் வந்து "14 காலி"ங்கறான். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டாவது ஆளும் வந்து "14 காலி"ங்கறான். மூணு விஷயத்துல ஏதோ ஒண்ணு நடக்கும்.

ஒண்ணு: மேனேஜர் முழிச்சுக்கிட்டிருந்தா, "இப்பதானே சொன்னே?"ன்னு கையைப் பிடிச்சு வெளிய தள்ளுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு நடந்தது இதுதான். ரொம்ப நல்லது. அந்த எர்ரர் வரி நமக்கு எதிரி இல்ல.

ரெண்டு: அவர் கவனிக்காம, காலி லிஸ்ட்ல 14-ஐ ரெண்டு தடவை எழுதிடுவார். அடுத்து அறை கேட்டு வர்ற ரெண்டு பேருக்கும் 14-ஐயே கொடுப்பார். ஒருத்தன் பெட்டியை வெச்சுட்டு வெளிய போவான், இன்னொருத்தன் அதைத் தள்ளிட்டுத் தன்னோடதை வெப்பான்.

மூணு: ரெண்டு அறிவிப்புக்கும் நடுவுல 14-க்கு முறைப்படி ஒரு புது ஆள் குடி வந்திருப்பான். நம்ம ரெண்டாவது ஆள் சொல்ற "14 காலி", சம்பந்தமே இல்லாத அந்தப் புது ஆளைத் தெருவுல நிறுத்தும். எர்ரரும் வராது. எப்பவோ, எங்கயோ, வேற ஒரு ஃபங்ஷன்ல தப்புத் தப்பா நம்பர் வரும். அதைத் தேடி ஒரு வாரம் போகும்.

எது நடக்கும்னு சி++ விதிமுறை சொல்றதில்லை. 'வரையறுக்கப்படாத நடத்தை'ன்னு கையை விரிச்சுடும். "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்றவங்க வயித்தெரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் காலேஜ் லேப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. 2002 மார்ச்சுல, சுருக்கின டேட்டாவை விரிக்கிற ஸீலிப்ங்கற லைப்ரரியில இதே டபுள் ஃப்ரீ வழு வெளிய வந்துச்சு. எக்கச்சக்கமான புரோகிராம்களுக்குள்ள உக்காந்திருக்கற லைப்ரரி அது. 1.1.4 வெர்ஷன்ல சரி பண்ணினாங்க.

அதைவிட நம்ம வீட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு சொல்றேன். உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தினமும் காலைல பூ மலர்ற மாதிரி 'குட் மார்னிங்' ஜிஃப் ஒண்ணு வருமே? 2019-ல ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்ல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க. வழு இருந்தது ஜிஃப் படங்களைத் திறக்கற ஒரு திறந்தமூல லைப்ரரியில. ஜிஃப்னா பல படங்களோட அடுக்கு. அடுத்த படம் வேற சைஸ்ல இருந்தா, இருக்கற அறையைக் கொடுத்துட்டு வேற சைஸ் அறை கேப்பாங்க. வேணும்னே கெடுத்த ஒரு ஜிஃப்ல, அடுத்த படத்தோட சைஸ் பூஜ்யம்னு எழுதியிருந்தா? "பூஜ்யம் சைஸ்ல அறை வேணும்"னு கேட்டா மேனேஜர் "ஓ, காலி பண்றியா"ன்னு எடுத்துக்குவார். அதுக்கடுத்த படமும் பூஜ்யம்? மறுபடி "காலி". ஒரே அறை, ரெண்டு தடவை. அப்புறம் அதே சைஸ்ல கேட்ட ரெண்டு பேருக்கும் ஒரே அறை, அதாவது நம்ம ரெண்டாவது கதை. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் திருடனா இருந்தா, இன்னொருத்தன் பெட்டியில என்ன வேணா மாத்தி வெக்கலாம். சில ஆண்ட்ராய்டு வெர்ஷன்கள்ல அந்த வழியா ஃபோன்ல வெளியாளோட கோடையே ஓட்ட முடியும்னு காட்டினாங்க. வாட்ஸ்அப் 2.19.244 வெர்ஷன்ல அடைச்சாங்க. அந்த லைப்ரரி எழுதினவங்க யாரும் டெலீட்டை ரெண்டு தடவை எழுதல. ஒரு கோரிக்கை, 'சைஸ் மாத்து'ங்கற பேர்ல, ஓசைப்படாம டெலீட் வேலை பார்த்துச்சு.

என் கதையிலயும் அதேதான். டெமோ முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு, மனசு கேக்காம, டெலீட் வரியைத் திரும்ப உயிர்ப்பிச்சு, அட்ரஸ் சானிடைசர்ங்கற கருவியை ஆன் பண்ணி ஓட்டினேன். ஜிசிசி, கிளாங் ரெண்டு கம்பைலர்லயும் ஒரே ஒரு ஃபிளாக் போட்டா போதும். பல வருஷமா இருக்கற வசதி, நான்தான் தொட்டதில்ல. இது மத்த எர்ரர் மாதிரி செத்த இடத்தை மட்டும் காட்டாது. மூணு இடம் காட்டும்: ரெண்டாவது தடவை எங்க டெலீட் ஆச்சு, முதல் தடவை எங்க ஆச்சு, அந்த அறையை முதல்ல யார் வாங்கினது.

முதல் தடவை எங்க? நான் எழுதின சராசரி வெளிச்ச ஃபங்ஷனோட கடைசி அடைப்புக்குறியில.

ஃபங்ஷனுக்குப் படத்தை அனுப்பும்போது ரெஃபரன்ஸா வாங்காம, நகலா வாங்கியிருக்கேன். ஒரு ஆம்பர்சண்ட் குறி விட்டுப்போச்சு. ஒரு எழுத்து! நகல் எடுக்கும்போது கம்பைலர் தானா என்ன பண்ணும்? கிளாஸ்ல இருக்கறதை அப்படியே ஜெராக்ஸ் எடுக்கும். அறையை இல்லை, சீட்டை. ஃபங்ஷன் முடிஞ்சதும் நகலோட ஆயுசு முடிஞ்சு டிஸ்ட்ரக்டர் ஓடி "14 காலி"ன்னுடுச்சு. அப்புறம் ஒரிஜினலும் அதையே சொல்லுச்சு. ரெண்டும் ஓடினது அவன் டிஸ்ட்ரக்டர்லதான். அதனாலதான் பழி அவன் மேல விழுந்துச்சு. நல் வைத்தியம் பலிக்காததுக்கும் இதான் காரணம். ஒரு சீட்டைக் கிழிச்சா இன்னொருத்தன் பையில இருக்கற ஜெராக்ஸ் அழியுமா?

அன்னிக்கு சாயங்காலமே அவனுக்கு ஃபோன் போட்டு, வர்றேன்னு சொல்லிட்டு ஹாரோ போனேன். டிஸ்ட்ரிக்ட் லைன், அப்புறம் மெட்ரோபாலிடன். போற வழியெல்லாம் என்ன சொல்றதுன்னு ஒத்திகை. அவன் கதவைத் திறந்ததும் ஒத்திகை எல்லாம் மறந்து போய், "டேய், தப்பு என்னுதுடா. என் ஃபங்ஷன்தான் முதல்ல டெலீட் பண்ணியிருக்கு"ன்னேன்.

"ஓம், தெரியும். டெமோ முடிஞ்ச அண்டைக்குப் பின்னேரமே ஓட்டிப் பாத்தனான்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"அண்டைக்குச் சொன்னா நீ கேட்டிருப்பியோ? இன்னொரு சண்டைதான் வந்திருக்கும். வா உள்ளுக்கு, குளிருது."

டீ குடிக்கும்போது அவனே சொன்னான்: "நகல் எடுக்கக் கூடாத கிளாஸை நகல் எடுக்கலாம் எண்டு திறந்து விட்டது நான். அதுவும் பிழைதானே."

அது உண்மை. சி++ல 'மூன்றின் விதி'ன்னு ஒண்ணு உண்டு. டிஸ்ட்ரக்டர் நீயே எழுதினா, நகல் எடுக்கற கன்ஸ்ட்ரக்டரையும் நகலால நிரப்பற அசைன்மென்ட்டையும் நீயே எழுதணும், இல்லைன்னா ரெண்டையும் தடை பண்ணணும். அவன் ஒண்ணு எழுதிட்டு ரெண்டை விட்டுட்டான். ஆனா வாத்தியார் முன்னாடி வாயைத் திறந்தது நான்தான், அவனில்லை. அன்னிக்கு ராத்திரியே வாத்தியாருக்கு மெயில் எழுதினேன், என் ஃபங்ஷன், என் வரி, நான்தான் டெலீட்டை கமென்ட் ஆக்கினேன்னு. மார்க் மாறாதுன்னு பதில் வந்துச்சு. அறிக்கையில இதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதியிருக்கோம், ரெண்டு பேர் பேரும் போட்டு.

இப்ப தீர்வு. "கவனமா இரு"ங்கறது தீர்வே இல்ல. நாங்க ரெண்டு பேரும் கவனமாத்தான் இருந்தோம். கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த அறையைக் காலி பண்ற பொறுப்பு யாருது? பதில் எப்பவும் ஒரே ஆளா இருக்கணும். அது கோட்லயே எழுதியிருக்கணும், மனசுல இருந்தா போதாது.

முடிஞ்சா டெலீட்டே எழுதாதீங்க. பிக்சல்களை வெக்டர்ல போட்டா நகல், அழிப்பு எல்லாம் அதுவே பார்த்துக்கும். நாங்க கடைசியில செஞ்சது இதுதான். அவன் டிஸ்ட்ரக்டரே காணாமப் போச்சு, வழுவும் கூடவே போச்சு.

பாயின்டர் வேணும்னே ஆகணும்னா, 2011-ல வந்த சி++11-லேர்ந்து யுனீக் பாயின்டர் இருக்கு. ஜெராக்ஸ் எடுக்க முடியாத சீட்டு. நகல் எடுக்கப் பார்த்தா கம்பைலரே திட்டும். இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்னா கையை விட்டுக் கொடுக்கணும், கொடுத்தவன் கை காலி. இதுக்கு முன்னாடி இருந்த ஆட்டோ பாயின்டர், நகல் மாதிரி வேஷம் போட்டு ஒரிஜினலைப் பிடுங்கிக்கிட்டதால 2017-ல மொழியிலேர்ந்தே தூக்கிட்டாங்க.

நிஜமாவே பல பேர் பங்கு போட்டுக்கற இடம்னா ஷேர்டு பாயின்டர். எத்தனை பேர் கையில சீட்டு இருக்குன்னு எண்ணிக்கிட்டே இருக்கும், கடைசி ஆள் போகும்போது மட்டும் காலி பண்ணும். ஒரு எச்சரிக்கை: ஒரே சாதா பாயின்டர்லேர்ந்து தனித்தனியா ரெண்டு ஷேர்டு பாயின்டர் செஞ்சா, ரெண்டு தனித்தனி எண்ணிக்கை ஓடும். பழையபடி டபுள் டெலீட். நோட்டும் ஒண்ணாத்தான் இருக்கணும் :-)

இதுல நம்ம லண்டனுக்கும் ஒரு பங்கு இருக்கு. 1960-கள்ல கேம்பிரிட்ஜும் லண்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து சிபிஎல்னு ஒரு மொழி வடிவமைச்சாங்க. கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி அதுல முக்கியமான ஆள். அது பெரிய மொழி, நடைமுறைக்கு வர்றது இழுத்துக்கிட்டே போச்சு. அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-ல பிசிபிஎல் செஞ்சார். அதிலேர்ந்து அமெரிக்காவுல கென் தாம்சனோட பி, அதிலேர்ந்து 1972 வாக்கில் டென்னிஸ் ரிச்சியோட சி. கேம்பிரிட்ஜ்ல பிசிபிஎல் பழகின பியான் ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979-ல பெல் லேப்ஸ்ல ஆரம்பிச்சது பின்னாடி சி++ ஆச்சு. எழுதறவன் தான் என்ன பண்றோம்னு தெரிஞ்சுதான் பண்றான்னு நம்பற குணம் இந்தப் பரம்பரைக்கே உண்டு. அந்த நம்பிக்கையோட விலையைக் கேளுங்க: தங்களோட பாதுகாப்பு ஓட்டைகள்ல சுமார் 70 சதவீதம் மெமரி சம்பந்தப்பட்டதுன்னு மைக்ரோசாஃப்ட் 2019-ல சொல்லுச்சு. குரோம் பிரவுசர்காரங்களும் 2020-ல கடுமையான ஓட்டைகளுக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கைச் சொன்னாங்க. 2015-ல 1.0 வந்த ரஸ்ட் மொழி, 'ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரர்'ங்கறதைக் கம்பைலர் சட்டமாவே ஆக்கினது சும்மா இல்ல.

வீட்ல இப்ப ஞாயித்துக்கிழமை சாம்பாருக்கு உப்பு போடறது நான் மட்டும்தான். நேத்து மறந்துட்டேன். யார்கிட்ட கேக்கணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு, நல்லாத் திட்டினாங்க.

உங்க அனுபவத்துல ராத்திரி ரெண்டு மணி பாட்டி வைத்தியம் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல போட்டு என் மானத்தைக் கொஞ்சம் காப்பாத்துங்க. அடுத்த வாரம், காலி பண்ணின அறைக்கே பழைய சீட்டை வெச்சுக்கிட்டுத் திரும்பிப் போற ஆசாமியோட கதை. ஆமா, அதுவும் நான்தான்.

டிஸ்கி: பார்ட்னர் இதைப் படிச்சுட்டான். "டீயை விட்டுட்டு மிச்சம் எல்லாம் சரி, டீ நீதான் போட்டனீ"ன்னு திருத்தம் சொன்னான். நான் எழுதினது 'குடிக்கும்போது'ன்னுதான். ஆனா போட்டது யாருன்னு நான் எழுதல, பாருங்க. பழக்கதோஷம்!